கண்ணுக்கென்று வாங்கிய பனிக்குடச் சவ்வும் கன்னத்துக்குக் கேட்ட பெரிய இடமும்

வீசி எறியவிருந்ததை விழி வெந்தோர்க்கு விருந்தாக்கிய வித்தகியே! கழிவு வாளிகளின் கடும்பகையே! திசு வங்கியின் தீரமே! எங்கள் 'ஃப்ரீசர் அக்கா'வே! தாங்கள் ஓய்வுபெறும் இந்நாளில் வணக்கம். வணங்கும்போதே வயிறெரிகிறோம், காரணத்தை அவையோர் கேட்கட்டும்.

முப்பத்தோராண்டுகள்! பிரசவ அறுவை அரங்கின் வாசலில் எஃகுக் கிண்ணத்தோடு அக்கா காத்து நின்ற நேரத்தைக் கூட்டினால் நான்கு பிறவி தேறும். நஞ்சுக்கொடியிலிருந்து, வெங்காயத்தோலினும் மெல்லிய பனிக்குடச் சவ்வை அவர் உரித்தெடுக்கையில் சுவர்க்கடிகாரமே மூச்சை அடக்கிக்கொள்ளும். வெந்த விழிமேல் வைத்துத் தைத்தால், புதுத் திசு வளர அந்தச் சவ்வே படுக்கை விரிக்கும். வலி கண்ட தாயிடம் அவர் ஒருநாளும் சம்மதக் கையெழுத்துக் கேட்டதில்லை. அறுவைக்கு நாள் குறித்த அன்றே பக்கத்தில் அமர்ந்து சொல்வார்: "உன் பிள்ளை போர்த்திக்கிட்டிருக்கிற துணிம்மா இது. வெந்த கண்ணுக்கும் தீப்புண்ணுக்கும் மட்டும்தான் போகும். வேற எங்கயாச்சும் போனா என்னை வந்து கேளு." சொன்னதைப் படிவத்திலும் எழுதிக் கொடுப்பார்.

சென்ற மாதம் ஃப்ரீசரில் பரிசோதனை முடிந்த சவ்வு உறை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அன்று காலை, சுண்ணாம்பு தெறித்து வலக்கண் வெந்த பூச்சுவேலைக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இடக்கண் அவருக்கு முன்பே போய்விட்டது. அதே வேளையில் மருத்துவமனை இயக்குநர் அறையில் ஒரு சீமாட்டி. சவ்வு ஒட்டி முகச்சுருக்கம் போக்கும் அழககம் தொடங்குகிறாராம். செயல்விளக்கத்துக்கு அந்த உறை வேண்டுமாம்!

"ஒரு பாக்கெட்தானேம்மா, எடுத்துக் குடுங்க. பெரிய இடம்" என்றார் இயக்குநர்.

"பெரிய இடம்னா சுருக்கமும் பெருசா சார்?"

"கிண்டலா? அந்த ஆளுக்கு அடுத்த வாரம் வேற தைச்சுக்கலாம்ல?"

"அடுத்த வாரம் தைக்கக் கண்ணு இருக்காது சார். கண்ணுக்குன்னு சொல்லித்தான் பெத்தவங்ககிட்ட வாங்கினேன். கன்னத்துக்குன்னு சொல்லலை."

உறையைக் குளிர்பெட்டியில் வைத்து அறுவை அரங்கை நோக்கி நடந்தார் அக்கா. நான்கு மாடிகளும் அதிர்ந்தன என்போம். மூன்றுக்குச் சாட்சி உண்டு. நேற்று பரிசோதனைக்கு வந்த பூச்சுவேலைக்காரர், தம் மனைவியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்னடி, இப்படி இளைச்சுட்டே?" என்றார்.

இதற்குப் பரிசு? மெமோ! மேலிட ஆணையை மீறியதேன் என்று, ஓய்வுபெறும் நாள் மாலை ஐந்துக்குள் விளக்கம் தராவிட்டால், பழுதற்ற பணிப்பதிவேட்டில் கரும்புள்ளியாம்! அக்கா சிரித்தார்: "வெச்சுட்டுப் போகட்டும், திருஷ்டி கழியும்." எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் நாங்கள்; ஒரு வாயும் திறக்கவில்லை. சினத்தில் பாதி எங்கள்மீதேதான்.

அக்கா! நூறாண்டு என்று கஞ்சத்தனமாக வாழ்த்த மாட்டோம். மூட்டுவலி முகவரி தெரியாமல் அலைய, மருத்துவர்கள் தங்களிடம் நலம் கேட்டுக்கொள்ள, சலிக்கும்வரை வாழ்க, சலித்தபின்னும் வாழ்க!

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் ஐயா! மணி நாலே முக்கால். இம்மடலின் படியொன்று தங்கள் மேசைமேல் இருக்கிறது. அதுதான் அக்காவின் விளக்கம். புள்ளி வைப்பதானால் எங்கள் இருபத்து மூன்று பதிவேடுகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இம்முறை வாய் திறந்து கையொப்பமிடும்
திசு வங்கி ஊழியர் இருபத்து மூவர்.

(மடல் தீட்டியது: சென்ற ஆண்டே ஓய்வுபெற்று, எந்த மெமோவுக்கும் எட்டாத உயரத்தில் ஆனந்தமாக இருக்கும் பழைய எழுத்தர்.)