அருமைநாயகி பார்த்துச் சொன்ன ஆட்டம்

— ஓடுறான், ஓடுறான், ஓடுறான்! மாதாவே, விழுந்திட்டான்!

— ஆர் விழுந்தது? எந்த பேஸில? ஒழுங்காச் சொல்லும் அருமை.

— இரண்டாவது மூலையில. வயித்தால சறுக்கிக்கொண்டு போனவன். காற்சட்டை முழுக்க மண்.

— அது விழுந்ததில்லை. சறுக்கினது. பந்து முந்தியோ, அவன் முந்தியோ?

— இருங்கோ, இருங்கோ... நடுவர் ரெண்டு கையையும் விரிக்கிறார். பறக்கப் போற ஆள் மாதிரி.

— அப்ப தப்பிட்டான். ஆர் அது, யெரூனோ?

— ஓம். அந்தச் செம்பட்டைத் தலைக்காரன்.

— முப்பத்தெட்டு வயது அவனுக்கு. முழங்காலில ரெண்டு தரம் ஒப்பரேஷன் செய்த ஆள். அவனை ஓடச் சொன்ன கோச்சுக்கு விசர்.

— ரெண்டு தரம் வெட்டின காலோட ஓடித் தப்பிட்டான் எண்டுறன். அதுக்கும் ஏச்சோ?

— நீர் எங்க போறீர் எண்டு எனக்கு விளங்குது. முழங்கால் வேறை, கண் வேறை.

— நான் கண்ணைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே.

— ஸ்கோரைச் சொல்லும்.

— எங்கட ரைகர்ஸ் மூண்டு. வெஸ்டர்மேர் நாலு. ஒன்பதாவது சுற்று, கடைசி. எங்கட ஆக்கள்தான் அடிக்கினம். ஒருத்தன் அவுட்.

— இன்னும் ரெண்டு பேர் அவுட்டானா முடிஞ்சுது. கீழ் டிவிசன். முப்பத்து மூண்டு வருசமாப் பாக்கிறன், கீழை மட்டும் போனதில்லை.

— இன்னும் முடியேல்லை கஸ்பர்.

— எனக்கென்ன. போறதெண்டாப் போகட்டும்.

— காலமை பூசை முடிஞ்சு வரேக்க காருக்குள்ள என்ன சொன்னனீங்கள்?

— என்ன சொன்னனான்?

— நடிக்காதேங்கோ. "இண்டைக்கு ரைகர்ஸ் வெண்டா செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாறன், தோத்தா வரமாட்டன், பிறகு என்னைக் கரைச்சல் படுத்தக் கூடாது." மாதா சுரூபத்துக்கு முன்னாலை நிண்டு சொன்ன மாதிரிச் சொன்னனீங்கள்.

— சொன்னனான். அதில நிக்கிறன்.

— ஒரு பந்து விளையாட்டில கண்ணைப் பந்தயம் வைக்கிற மனுசனை நான் வேறை எங்கையும் காணேல்லை.

— வலக் கண்ணை வெட்டினவை. என்ன நடந்தது? கொஞ்சம் தெரிஞ்ச வெளிச்சமும் போச்சு. இப்ப இடக் கண்ணில உம்மட முகம் ஒரு நிழல். வெட்டினா அந்த நிழலும் போகும். வெட்டாட்டி அது மெல்ல மெல்லப் போகும். ரெண்டும் ஒண்டுதான்.

— டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை. உள்ளுக்குக் கசிஞ்ச இரத்தத்தை எடுத்தா எழுத்து வாசிக்கிற அளவுக்கு வரலாம் எண்டவர்.

— "வரலாம்" எண்டவர். வரும் எண்டு சொல்லேல்லை. கிடக்கட்டும். அடுத்தது ஆர்?

— பாஸ். அந்தத் தாடிக்காரன்.

— பாஸோ? சரி, தேத்தண்ணியைத் தாரும். அவனை நம்பி நான் எச்சில் விழுங்கமாட்டன்.

— இப்பிடி ஏசிக்கொண்டே இருங்கோ. எனக்கு இதுதான் வேணும்.

— என்ன?

— வெள்ளிக்கிழமை ஞானேஸ்வரன் அண்ணை உங்களைப் பாக்க எண்டு ஈஸ்ட் ஹாமில இருந்து வந்தவர். ஒரு மணித்தியாலம் இருந்தவர். நீங்கள் அவரோட எத்தினை சொல்லுக் கதைச்சனீங்கள்? "ஓம்", "இல்லை", "சரி". மூண்டு. மனுசன் கொண்டுவந்த மாம்பழத்தைப் பற்றித் தானே கதைச்சுப்போட்டுப் போயிட்டார்.

— கதைக்க என்ன கிடக்கு? லைசென்ஸைத் திருப்பிக் குடுத்தாச்சு. வானை வித்தாச்சு. மனுசன் கட்டிலில இருந்து கதிரைக்கு வாறன், கதிரையில இருந்து கட்டிலுக்குப் போறன். எனக்கு அழுகையும் வரேல்லை, கோவமும் வரேல்லை. பல்லுக்கு ஊசி போட்ட மாதிரி. எல்லாம் மரத்துக் கிடக்கு.

— ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரப்பு விடுது.

— எங்க விட்டது?

— விடுதப்பா. வைகாசியில ஒருக்கா வெண்டவங்கள், ஞாபகமோ? "சரி" எண்டிட்டுப் போர்வையை இழுத்துப் படுத்தனீங்கள். தோத்த கிழமைகளில? கோச்சைப் பிடிச்சு, பிட்சரைப் பிடிச்சு, மைதானத்துப் புல்லைப் பிடிச்சு, ஒரு மணித்தியாலம் வாய் ஓயாது. சோறும் ஒரு அகப்பை கூடப் போகும்.

— அவ்வளவு கேவலமா விளையாடினா மனுசன் ஏசாமல் என்ன செய்யிறது? பாஸ் என்ன செய்யிறான்?

— விசுக்கினான்... படேல்லை.

— ஒண்டு.

— திரும்பவும் விசுக்கினான். அதுவும் படேல்லை.

— ரெண்டு. கேட்டீரே? இலையான் அடிக்கிறான். மூண்டாவதும் தவறும், பாரும்.

— ...ஓம். அவுட்.

— சொன்னனான்! என்ர கண் தெரியாட்டியும் எனக்குத் தெரியுது, அந்தக் கோச்சுக்குத் தெரியேல்லை. ரெண்டு அவுட். இன்னும் ஒண்டு, கதை முடிஞ்சுது.

— அம்மா, அப்பா, நான் வேலைக்கு வெளிக்கிடுறன். செவ்வாய்க்கிழமை ஷிப்டை மாத்தவோ வேண்டாமோ? மனேஜர் டெக்ஸ்ட் பண்ணிக்கொண்டே இருக்கிறார்.

— பொறு ஷெறோன், பத்து நிமிசம். அப்பா இன்னும் முடிவு சொல்லேல்லை.

— அப்பா, சீரியஸ்லி? பேஸ்போல் பாத்து முடிவெடுக்கப் போறியளோ? ஹொஸ்பிட்டல் லிஸ்டில இந்த ஸ்லொட்டை விட்டா பிறகு எப்ப வருமெண்டு தெரியாது. ஐ மீன், மாசக்கணக்காகும்.

— பிள்ளை, வாக்கு வாக்குத்தான்.

— ஓ மை கோட். அம்மா, நீங்களாவது... அம்மா, இந்த லப்டொப் என்ன—

— லப்டொப்புக்கு ஒண்டுமில்லை! நீ இதில நிண்டு மறைக்காத. அப்பான்ர சொட்டு மருந்து குளிர்பெட்டிக்குள்ள கிடக்கு, எடுத்து வெளியில வைச்சிட்டுப் போ. போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு.

— ...ஓகே. ஓகே அம்மா. பாய் அப்பா. உங்கட டீம் வெல்லட்டும்.

— ஏன் பிள்ளையைக் கலைக்கிறீர்?

— கதை குடுத்துக்கொண்டு நிண்டா நான் என்னத்தைப் பாக்கிறது?

— மைதானத்தில இருந்து படம் அனுப்புற அந்தக் கமராக்காரன் இன்னும் சத்தம் போடேல்லையோ? போன வருசம் ஆக்கள் கத்துறதாவது கேக்கும். டச்சில ஒருத்தன் கதைக்கிறதும் கேக்கும்.

— இந்த வருசம் படம் மட்டும்தான்.

— கஞ்சங்கள்.

— பிட்சரை மாத்துறாங்கள். வெஸ்டர்மேர்க்காரர். புது ஆள் ஒருத்தன் வந்து எறிஞ்சு பழகுறான். கொஞ்சம் நேரமாகும், தேத்தண்ணியைக் குடியுங்கோ.

— இடக்கைக்காரனோ, வலக்கைக்காரனோ?

— வலக்கை. ஆனைக்குட்டி மாதிரி இருக்கிறான்.

— ம்.

— உங்களுக்கு இந்த விசர் எப்பிடிப் பிடிச்சது எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறனான். டச்சு நாட்டுக்கு அகதியாப் போன புதுசில, குளிருக்கு எண்டு சேர்ச்சில ஒரு ஜக்கெட் தந்தவை. முதுகில கொக்குப் படம். அதைப் போட்டுக்கொண்டு ஸ்பார்ன்டால் ரோட்டில போக, ஊர்ச் சனம் எல்லாம் சிரிச்சுக் கையைக் காட்டுது. நீங்கள் எனக்குக் கடிதம் எழுதினீங்கள், "இஞ்ச சனம் நல்ல சனம், அகதி எண்டும் பாராமல் வணக்கம் சொல்லுதுகள்" எண்டு.

— டச்சில ரைகர் எண்டாக் கொக்கு, அந்தக் கிளப்பின்ர பேர்; கொக்குக்குத்தான் கை காட்டினவை எண்டு விளங்க ஒரு வருசம் போச்சு.

— விளங்கின பிறகாவது கழட்டியிருக்கலாம்.

— அதுக்குள்ள பழகிப் போச்சு. ஒரு கிழவன் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் மைதானத்தில இருத்திப்போட்டான். நானும் என்னோட அறையில இருந்த யாக்கோப்பும். என்ன நடக்குதெண்டே தெரியாது. ஒருத்தன் எறியிறான், ஒருத்தன் தடியைப் போட்டிட்டு ஓடுறான். யாக்கோப்பு சொன்னவன், "அண்ணை, இது ஏதோ தண்டனை போல கிடக்கு" எண்டு. அண்டைக்கு எங்கட ஆக்கள் பதினொண்டுக்குத் தோத்தவங்கள்.

— தோத்த அண்டே பிடிச்சிட்டுதோ?

— தோத்துப்போட்டுத் தொப்பியைக் கழட்டி ஆக்களுக்குக் கும்பிடு போட்டவங்கள் அருமை. எனக்கு அது புதினமாக் கிடந்தது. தோத்தவன் நிமிர்ந்து நிக்கிறதை நான் அதுவரைக்கும் காணேல்லை. அது கிடக்கட்டும். யாக்கோப்பு இன்னும் அங்கதான், மைதானத்துக்கு ரெண்டு தெரு தள்ளி. இண்டைக்குப் போயிருப்பானோ?

— ...தெரியாது. இந்தா, தொடங்கப் போறாங்கள்.

— ஆர் அடிக்க வாறது?

— அந்தத் தடிச்சவன், பேர் வாயில வரேல்லை...

— ஆரெண்டாலும் வேண்டாம். மாத்து ஆக்கள் இருக்கிற வாங்கில எட்சன் இருக்கிறானோ பாரும். குரசாவ் தீவுக்காரன். வலக்கைப் பிட்சருக்கு இடக்கைக்காரனை அனுப்போணும். உலகம் முழுக்க அப்பிடித்தான் செய்யிறது.

— எட்சனுக்குக் கை நோகுதெல்லோ?

— போன கிழமை நோ எண்டு நீர்தான் சொன்னனீர். ஒரு கிழமையில மாறாதோ? அவனை அனுப்பினா எண்டு சொல்லுறன். அந்தக் கோச் எந்தக் காலத்தில நான் சொன்னதைக் கேட்டவர்?

— பொறுங்கோ... கோச் எழும்பிறார். வாங்குப் பக்கம் பாத்துக் கையைக் காட்டுறார். ஆரோ தொப்பியைப் போட்டுக்கொண்டு வாறான்... கஸ்பர், எட்சன்தான்!

— ம். நல்லம்.

— உங்கட கதையை ஒருநாளாவது கேட்டாரே.

— கேட்டார். எறியட்டும்.

— முதல் பந்து... விசுக்கினான். தவறிட்டுது.

— ஒண்டு.

— ரெண்டாவது... அடிக்கேல்லை, விட்டிட்டான். பந்து வெளியாலை போகுது, அது கணக்கில்லை. மூண்டாவது... விசுக்கினான். ஐயோ. காத்துத்தான்.

— ரெண்டு. இன்னும் ஒண்டு தவறினாச் சரி.

— ஓம்.

— நீர் ஏன் மூச்சு வாங்குறீர்?

— பயமாக் கிடக்கு.

— நீர் ஏன் பயப்பிடுறீர்? முப்பது வருசமா இந்த விளையாட்டை ஏசின மனுசி.

— இப்பவும் ஏசுறன்தான். ஆனாப் பயமாக் கிடக்கு.

— இஞ்சரும். தோத்தாலும் பறவாயில்லை. எனக்கு ஒண்டும் செய்யாது.

— எனக்குச் செய்யும்.

— என்ன செய்யும்?

— போன வருசம் வரைக்கும் காலமை நாலரைக்கு எழும்பிப் பாண் வானை எடுத்துக்கொண்டு போற மனுசன். படலை சாத்துற சத்தத்தில தெருவே எழும்பும். இப்ப நீங்கள் வீட்டில இருக்கிறியளோ இல்லையோ எண்டு நான் அறையைத் திறந்து பாக்க வேண்டிக் கிடக்கு. அந்தக் கண் வந்தாலும் சரி, வராட்டிலும் சரி, நீங்கள் ஒருக்கா எழும்பி அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில போய்ப் படுத்து "வெட்டுங்கோ" எண்டு சொல்லோணும். எனக்கு அவ்வளவுதான் வேணும். நான் கண்ணைக் கேக்கேல்லை.

— நீர் சொன்னது கேட்டிட்டுது. எறிஞ்சிட்டானோ?

— இன்னும் இல்லை. யெரூன் ரெண்டாவது மூலையில குனிஞ்சு நிக்கிறான், ஓடுறதுக்கு. பிட்சர் தோளுக்கு மேலாலை திரும்பி அவனைப் பாக்கிறான். எட்சன் சப்பாத்தால மண்ணைத் தட்டுறான். எறியப் போறான்... எறிஞ்சிட்டான்...

— அருமை.

— பட்டிட்டுது! பந்து போகுது! வலப் பக்கம், உயர, நல்ல உயர! பின்னாலை நிக்கிறவன் ஓடுறான், ஓடுறான், வேலியில போய் மோதிட்டான். கீழை விழுந்திட்டுது! பிடிக்கேல்லை! யெரூன் மூண்டாவது மூலையைத் தாண்டிட்டான்... வந்திட்டான்! நாலுக்கு நாலு!

— எட்சன்?

— அவன் நிக்கேல்லை! ரெண்டாவது மூலை, மூண்டாவது மூலை, கோச் நில் நில் எண்டு கையைக் காட்டுறார், அவன் பாக்கவே இல்லை! பந்தை எறியிறாங்கள், ஐயோ மாதாவே, பந்து மேலாலை போகுது, தலைக்கு மேலாலை! எட்சன் விழுந்தான், சறுக்கினான், கை அடிக்கத் தொடங்கின இடத்துப் பலகையில... நடுவர் கையை விரிச்சிட்டார்! கஸ்பர்! விரிச்சிட்டார்!

— அஞ்சுக்கு நாலு.

— அஞ்சுக்கு நாலு! எல்லாரும் வாங்கில இருந்து பாஞ்சு அவனுக்கு மேலை விழுறாங்கள். ரைகர்ஸ் கீழை போகேல்லை!

— ம்.

— என்ன "ம்"? இருபத்தொரு ஞாயிறில மூண்டாவது வெற்றி. ஒரு சிரிப்பாவது சிரிக்கக் கூடாதோ?

— சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். முகம் கேக்குதில்லை.

— அப்ப ஷெறோனுக்கு ஷிப்டை மாத்தச் சொல்லுறன்.

— சொல்லும்.

— செவ்வாய்க்கிழமை காலமை ஏழு மணிக்கு அங்க நிக்கோணும். வருவியள்தானே?

— வாறன். வாக்குக் குடுத்தனான்.

— அந்தோனியாரே! பேந்து மாத்திச் சொல்லக் கூடாது. நான் லப்டொப்பை மூடி வைச்சிட்டுச் சோத்தைப் போடுறன்.

— அருமை, இரும். ஒண்டு கேக்கட்டே?

— கேளுங்கோ.

— மாசியில கிளப்பை மூடி, மைதானத்தை உழுது, வீடு கட்ட அத்திவாரம் வெட்டுறாங்கள் எண்டு யாக்கோப்பு அண்டைக்கே எனக்குப் போனில சொன்னவன். எல்லாம் உம்மட வாயிலதானே கிடந்தது, பிறகேன் இவ்வளவு நாளும் என்ர ஆக்களைத் தோக்க விட்டனீர்?