பதினொன்றாம் அறையின் மணி

நான் பொறுமைசாலி, ஐயா. என் மனைவியைக் கேட்டால் அவளும் அதையே சொல்வாள், கொஞ்சம் யோசித்துவிட்டு. அதனால் நிதானமாகவே சொல்கிறேன். நீங்களும் அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளலாம்.

அந்த முதியோர் இல்லத்தில் அறைக்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும். நடுவில் இருந்துகொண்டு அடிக்க வைக்கும் புரோகிராம் என்னுடையது, ஆறு வருடமாக ஓடுகிறது. வேலை இல்லாவிட்டால் தூங்கும். யாராவது பொத்தானை அழுத்தினால் ஒரு சிக்னல் வந்து அதை எழுப்பும். மறுபடி தூங்குமுன் வேறு மணி ஏதாவது பாக்கியா என்று ஒருமுறை பார்க்கும். இல்லையென்றால் பதிவேட்டில் “எல்லாம் அமைதி” என்று ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அந்த வரி என் சொந்த யோசனை. மேலாளர் அதைப் படித்துவிட்டு என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கோளாறும் அங்கேதான் இருந்தது. பார்த்தாயிற்று, பாக்கி இல்லை. வரியை எழுதிக்கொண்டிருக்கிறது, இன்னும் தூங்கவில்லை. அந்த ஒரு நொடிக்குள் சிக்னல் வந்தால் புரோகிராம் அதைக் குறித்துக்கொள்ளும், ஆனால் திரும்பிப் பார்க்காது. ஏற்கெனவே முடிவு செய்தபடி தூங்கப் போய்விடும். பிறகு வேறு யாராவது அழுத்தி எழுப்பினால்தான் இரண்டு மணியும் சேர்ந்து அடிக்கும்.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. பக்கத்து மேஜைக்கு வந்து எட்டே மாதம் ஆன ஒரு பெண். அவள் கண்டுபிடித்ததோடு நிற்காமல் திருத்தத்தையும் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். பார்ப்பதற்கு முன்பே சிக்னலை வெளியே நிறுத்திவைக்க வேண்டும், தூங்குகிற அதே கணத்தில் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். நடுவில் இடைவெளியே இருக்காது. மொத்தம் நாலு வரி. பார்க்கலாம் என்றேன். பதினான்கு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“இது யாரையாவது கொன்னுடும் சார்,” என்றாள் ஒரு நாள்.

“நீ சினிமா பாக்கறத கொஞ்சம் கொறச்சுக்கோ.”

“விளையாடாதீங்க சார். ஏழாம் நம்பர் தாத்தா ஓயாம அமுக்கறதாலதான் மத்தவங்க மணி லேட்டாவாச்சும் அடிக்குது. அவரு ஒரு நாள் சும்மா இருந்தா தெரியும்.”

அவள் சொன்னது சரிதான். ஏழாம் அறைக்காரர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். ஹாரனில் வாழ்ந்த கட்டைவிரல் சும்மா கிடக்குமா? ஃபேனைக் கூட்டு என்று ஒரு மணி, குறை என்று ஒரு மணி, ஃபேன் ஓடுகிறதா என்று கேட்க ஒரு மணி. தலைமை நர்ஸை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரே ஃபோன் செய்தார்.

“தம்பி, இந்த ஏழாம் நம்பரோட என்னால முடியல. காலு ரெண்டும் கழண்டு போச்சு. எதாவது பண்ணுங்களேன், புண்ணியமாப் போகும்.”

பண்ணினேன். ஏழாம் அறையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு அழுத்தல்தான் புரோகிராம் வரை வரும், மற்றவை வெளியிலேயே செத்துவிடும். இரண்டே வரி. இல்லமே என்னைக் கொண்டாடியது. அந்தப் பெண் மட்டும் அன்றைக்கு என்னோடு பேசவில்லை.

தெரிந்தேதான் செய்தாயா என்று கேட்பீர்கள். தெரிந்தேதான். அவளுடைய நாலு வரியை ஏற்றுக்கொண்டால், ஆறு வருடமாக என் “எல்லாம் அமைதி” பொய் சொல்லிக்கொண்டிருந்தது என்று ஆகிவிடும். மனுஷனுக்கு மானம் என்று ஒன்று வேண்டாமா?

நாலாம் நாள் மதியம் இரண்டு பத்துக்கு ஐந்தாம் அறையில் தண்ணீர் கேட்டு மணி அடித்தது. அக்கா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார். இரண்டு பதினேழுக்கு அவர் அந்த மணியை நிறுத்த, என் புரோகிராம் “எல்லாம் அமைதி” எழுதிக்கொண்டிருந்த நொடியில் பதினொன்றாம் அறைப் பொத்தான் அழுந்தியது. அங்கே இருந்தவர் ஒரு தலைமை ஆசிரியை. ஒருமுறை கூப்பிட்டால் போதும், இரண்டாம் முறை கூப்பிடுவது அநாகரிகம் என்று நினைக்கிற ஜாதி. அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. ஒருமுறை அழுத்திவிட்டு, கௌரவமாகக் காத்திருந்திருக்கிறார்.

அடுத்த மணி இரண்டு ஐம்பத்தெட்டுக்கு, ஏழாம் அறையிலிருந்து. பதினொன்றும் சேர்ந்து அடித்தது. அக்கா பதினொன்றுக்குத்தான் முதலில் ஓடினார். அங்கே செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இடையில் இருந்த நாற்பத்தொரு நிமிடத்தில் ஏழாம் அறைக்காரர் பதினாறு தடவை அழுத்தியிருக்கிறார். எந்த ஒன்று உள்ளே வந்திருந்தாலும் டீச்சரின் மணி அடித்திருக்கும். என் இரண்டு வரி கச்சிதமாக வேலை செய்தது என்பதை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே அந்த நாலு வரியையும் சேர்த்துவிட்டேன், என் பெயரில். பிறகு பதிவேட்டைத் திறந்து, பதினொன்றாம் அறை மணி நர்ஸ் மேஜையில் இரண்டு பதினேழுக்கே அடித்ததாக மாற்றினேன். விசாரணையில் அதைப் பார்த்தார்கள். மணி அடித்திருக்கிறது, நர்ஸ் மேஜையில் இருந்திருக்கிறார், எழுந்து போகவில்லை. அக்காவின் இருபத்திரண்டு வருட வேலை ஒரே கடிதத்தில் போயிற்று. அந்தப் பெண் பழைய பதிவேட்டை நகல் எடுத்து வைத்திருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு எப்போதும் அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

ஆனால் என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். வேலை போன மறுவாரம் அக்கா எனக்கு ஃபோன் செய்தார். “தம்பி, நான் முழிச்சிட்டுதான் இருந்தேன். ரெண்டு பதினேழுக்கு மணி அடிச்சது சத்தியமா எனக்குக் கேக்கல. எனக்குக் காது போயிடுச்சா?” என்று கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அரைநாள் விடுப்பு எடுத்து, என் வண்டியிலேயே காது டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் அரைமணி நேரம் சோதித்துவிட்டு, இருபது வயதுப் பெண்ணின் காது போல இருக்கிறது என்றார். அக்கா சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“காது நல்லாருக்குன்னா அப்ப நான்தான் தூங்கியிருக்கேன். அந்தம்மாவ நான்தான் தம்பி கொன்னுட்டேன்.”

அழ விட்டேன். அழுது முடிக்கும்வரை வண்டியைக்கூடக் கிளப்பவில்லை. பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்து, மனுஷங்கன்னா தப்பு நடக்கத்தான் செய்யும் அக்கா என்றேன். யார் என்ன சொன்னாலும் என்னைப் பொறுத்தவரை அவரை அன்றைக்கே மன்னித்துவிட்டதாகவும் சொன்னேன்.