மடியில் இருந்த காணிகள்

“பஸ் இன்னொருக்கா இப்பிடிக் குலுங்கினா ஊரின்ர காணியெல்லாம் போயிடும், தங்கச்சி.”

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவர் இதைச் சொன்னார். துவாயில் சுற்றிய எதையோ மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவருக்கும் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் ஒரே காணிக் கந்தோரில், ஊர்க் காணிகளைப் பதியும் அலுவலகத்தில், வேலை என்பது பேச்சில் தெரிந்தது.

“சேர்வரின்ர ஹாட் டிஸ்க் பழுதெண்டு முதலே தெரியேல்லையோ, அண்ணை?”

“மூண்டு மாசமா சேர்வர் தானா எழுதி வைக்கிற லொக்கில ஒரே எச்சரிக்கைதான். டிஸ்கில வாசிக்க ஏலாத இடம் இருக்கெண்டு. கரண்ட் நிண்டு நிண்டு வாறதால எண்டு நினைச்சு, ஒவ்வொருநாளும் காலமை மிசினை நிப்பாட்டித் திரும்பப் போடுவன். எச்சரிக்கை நிண்டிடும். பின்னேரம் பிறகும் வரும்.”

“பக்கப் பிரதி எடுத்து வைக்கேல்லையோ?”

“நேற்றுத்தான் பார்த்தனான். மூண்டு மாசத்துப் பக்கப்பும் அந்த இடத்திலேயே பாதியில நிண்டிருக்கு.”

“யாழ்ப்பாணத்தில டிஸ்கில கிடக்கிறதை எடுத்துத் தருவினமோ?”

“எடுத்தாத்தான் உண்டு.”

ஆனையிறவு உப்பளம் வந்தபோது அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“சண்டை வந்தா எடுத்துக்கொண்டு ஓடுறதுக்கு எண்டு காணி உறுதிப் பத்திரப் பையை இனிக் கதவடியில வைச்சிருக்காதேங்கோ, எல்லாம் கம்ப்யூட்டரில பத்திரமாக் கிடக்கு எண்டு சனத்துக்குச் சொன்னது நானல்லோ?”

அவர் துவாயை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவள் போனை எடுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“அம்மா, எங்கட காணிப் பையைத் திரும்பவும் கதவடியில வையுங்கோ. இல்லையம்மா, சண்டை ஒண்டும் தொடங்கேல்லை. நீங்கள் வையுங்கோ.”