களமருதூர் உப்பும் கழிமுகத்து உமரியும்

கல்வராயன் மலையடியில் அமர்ந்து கடலையே கனாக் கண்ட காவலரே! உமரி வேரில் உயிரை வைத்த உத்தமரே! எங்கள் பொறுமையைப் பொடிப்பொடியாக்கிய பெருந்தகையே! இன்று பணி ஓய்வு பெறும் உயிர் உர ஆய்வுக்கூடத் தலைவர் திருமிகு ஆதிமூலம் அவர்களே! வணங்கி வாசிக்கிறோம். முடிக்கும் வரை தாங்கள் தயவுசெய்து எழுந்து போகக் கூடாது.

கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பார்கள். நாங்களும் கேட்டோம். கச்சிராயபாளையத்துக் கரும்பைப் பார்க்க வேண்டிய தாங்கள், பரங்கிப்பேட்டைக் கழிமுகத்துக்கு ஓடினீர்கள். மற்ற பயிரெல்லாம் கருகும் உப்புச் சேற்றில் உமரிச் செடி மட்டும் கொழுத்து நிற்பதற்கு அதன் வேரில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் துணை என்றும், அந்தத் துணையை நம் நெல்லுக்கும் வாங்கித் தருவேன் என்றும் சூளுரைத்தீர்கள். சூளுரைத்தது தாங்கள், சேறு சுமந்தது நாங்கள். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போதெல்லாம் "இன்னா சார் பையில, கருவாடா? நாத்தம் தாங்கல, எறங்கு" என்று கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நாங்கள்தான். ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியிலிருந்து டீக்குரிய பாலை வெளியேற்றி அங்கே உமரி வேரைக் குடிவைத்த கொடுமையை எந்தச் சபையிலும் சொல்வோம்.

ஆனாலும் அதிகம் பட்டவர் தங்கள் உதவியாளர் சங்கவி. மலையில் தினை விதைக்கும் குடும்பத்துப் பெண். அவர் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததே, முழங்கால் சேற்றில் நின்று தங்களுக்கு உமரி பிடுங்கியபோதுதான். உப்புக் கரைசலில் அந்த உயிர்களைச் சாகாமல் வளர்த்தார். வளர்ந்துவிட்டது என்று முகம் மலர்ந்து வந்து சொல்லும்போதெல்லாம் தாங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி பாத்துடலாம்மா" என்பீர்கள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பார். ஊசியையும் நம்பாத தாங்கள், நூலையும் நம்பாத தாங்கள், களமருதூரில் ஒரே ஒரு மனிதரின் வாய்ச்சொல்லை நம்பினீர்களே, அதை எங்கே போய்ச் சொல்வது!

போர்வெல் தண்ணீர் கெட்டு நிலம் உவர்ந்துபோன ஊர் என்று கேள்விப்பட்டு அங்கே போனீர்கள். "யார் நெலத்துல உப்பு ஜாஸ்தி?" என்று கேட்டீர்கள். கொளஞ்சியப்பன் நெஞ்சை நிமிர்த்தி முன்னே வந்தார்.

"நம்ம நெலத்துலதான் சார். ஊர்ல வேற எவனும் இவ்ளோ உப்பு பாத்திருக்க மாட்டான்."

மண்ணைச் சோதித்துவிடலாம் என்று சங்கவி சொன்னார். உப்பு அளக்கும் மீட்டர் ரிப்பேரில் இருந்தது. வெயில் வேறு. "வெவசாயி வாயால சொல்றாரு, அப்புறம் இன்னாம்மா மீட்டரு?" என்று தாங்கள் முடித்துவிட்டீர்கள். பாதி வயலில் பாக்டீரியாக் கரைசலில் வேரை நனைத்து நட்டோம், மீதியில் வெறும் நாற்று. இரண்டு பாதியும் ஒன்றுபோலக் கரும்பச்சையாக வளர்ந்து, ஒன்றுபோலச் சாய்ந்து விழுந்தன. நம் உயிர்களுக்கு ஒரு சக்தியும் இல்லை என்று தாங்கள் தீர்ப்பெழுதினீர்கள். ஓய்வு நெருங்கிய நாளில், "வேலைக்கு ஆவாதத விட்டுட்டுப் போவக் கூடாது. எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டு அவிச்சுடு" என்று உத்தரவும் போட்டீர்கள்.

வயலில் நட்ட அடையாளக் குச்சிகளைப் பிடுங்கி வரப் போன சங்கவி, கொளஞ்சியப்பன் மனைவி அமிர்தத்திடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவ்வளவு உப்பு எப்படித்தான் சேர்ந்தது என்று மனம் வெறுத்துக் கேட்டார்.

"சேரறதா? மூட்டை மூட்டையா நாங்கதான்மா போட்டோம், யூரியா உப்பு. இங்க உரத்தத்தான உப்புன்னுவோம். சார் வராருன்னு இன்னும் கொஞ்சம் சேத்தே போட்டாரு இவரு."

"ஐயோ அக்கா, நாங்க கேட்டது தரையில வெள்ளையா பூக்குமே, அந்த உப்பு!"

"அது சவுடும்மா! அப்படிக் கேக்க வேணாமா? அது பக்கத்துத் தைலம்மா கொல்லை. அங்க நாத்து வெச்சா கருகிக்கினே போவுது."

சங்கவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடுத்த பஸ்ஸிலேயே ஓடி வந்து தங்கள் அறையில் நின்றார். அவர் வாயைத் திறக்கு முன்பே, "தோத்ததுக்குக் காரணம் தேடாதம்மா, போ" என்றீர்கள். எதற்கெடுத்தாலும் இன்னொரு வாட்டி என்ற தாங்கள், அன்று மட்டும் ஒரு வாட்டிகூடக் கேட்கவில்லை. ஐயா, எங்களுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருட உழைப்பு ஒரு சொல்லால் அவிந்து போவதா?

ஆகவே இந்த மேடையில், தங்களுக்கு மெமோ கொடுக்கும் அதிகாரம் இனி இல்லை என்னும் தைரியத்தில், பணியாளர் அனைவரும் ஒரே குரலில் அறிவிக்கிறோம். அன்று ஆட்டோகிளேவில் வெந்தவை காலிப் புட்டிகள். புட்டிகளைக் காலி செய்தவர் சங்கவி, கதவுக்குக் காவல் நின்றவர்கள் நாங்கள். தங்கள் உயிர்கள் இப்போது தைலம்மாள் கொல்லையில், வெள்ளை பூத்த அந்தச் சவுட்டு மண்ணில், நெல் வேரோடு இருக்கின்றன. நனைக்காத பாத்தி கருகிவிட்டது. நனைத்த பாத்தி தூர் கட்டி நிற்கிறது. அதைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

நடவன்று தைலம்மாள், "இந்த மருந்துக்கு இன்னா பேருங்க?" என்று கேட்டிருக்கிறார். நிரூபிக்காததற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று தாங்கள் பெயரே வைக்கவில்லை அல்லவா! திருதிருவென்று விழித்த சங்கவி, வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிட்டார்.

கோபத்தை எங்கள் மீதே தீர்த்துக்கொண்டு, நோயின்றி, நொடியின்றி, நூறாண்டும் எங்களை நச்சரித்து வாழ்க! நாளைக் காலை களமருதூருக்கு ஒருமுறை வாருங்கள். அங்கே வரப்புக்கு வரப்பு ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: "இன்னாடி, ஆதிமூலத்துல நனைச்சு நட்டியா?"

இங்ஙனம்,
தங்களைத் தாங்க முடியாமலும் அனுப்ப மனமில்லாமலும் நிற்கும்
ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
கள்ளக்குறிச்சி.