காதுக்குப் போன இடத்தில்

மனைவி கூப்பிட்டால் காதில் விழாதது போல ஒரு வருடம் நடித்தேன். அந்த முட்டாள்தனத்தின் பலனாக, தென்காசியில் காது டாக்டருக்கான சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த அறை புற்றுநோய் டாக்டருக்கு. அதன் வாசலில் நாற்பதைத் தாண்டிய இருவர் கிசுகிசுத்தார்கள். ஒருவர் நீலச்சட்டை, மற்றவர் கண்ணாடி.

"மூலம்னு சொல்லிட்டு வந்துருதேன்லே," என்றார் நீலச்சட்டை.

"மூணு மாசமா மூலக் களிம்பு போட்டியே, ரத்தம் நின்னுச்சா? நம்ம கதையைச் சொல்லு. அப்பதான் சரியாச் சோதிப்பாரு."

"என்ன கதை?"

"பதினோரு வருசமா நீ ஒரு ஆம்பளைகூடக் குடும்பம் நடத்துத கதை."

"டாக்டர் என்ன நினைப்பாரு?"

"என்னையப் பொறுமைசாலின்னு நினைப்பாரு. பயப்படாமப் போ, முடிஞ்சதும் குற்றாலத்துல குளிப்போம்."

நீலச்சட்டை உள்ளே போனார். கண்ணாடிக்காரர் கண்ணாடியை நாலு தடவை துடைத்தார். கால் மணி நேரத்தில் கதவு திறந்தது.

"சொன்னியா?"

"சொன்னேன். ஆச்சரியமே படலை. நம்மள மாதிரி ஆளுகளுக்கு ஆசனவாய்ல புத்துநோய் வர வாய்ப்பு கூடுதலாம். விரலை விட்டுப் பாத்தாரு, கட்டி தட்டுப்படலையாம். பஞ்சுக்குச்சில தடவி எடுத்து லேபுக்கு அனுப்புதாரு. வருசாவருசம் வந்து பாத்துக்கிடணுமாம்."

"அப்பாடா. கிளம்புவோமா?"

"எங்க கிளம்புத? உன்னையும் பாக்கணுமாம்."

"எனக்கு ஒண்ணுமில்லையே."

"பயப்படாமப் போ, முடிஞ்சதும் குற்றாலத்துல குளிப்போம்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இருவரும் திரும்பினார்கள்.

"எனக்குக் காது கேக்காது தம்பி," என்று சீட்டைக் காட்டினேன்.

"அப்ப எதுக்குச் சிரிச்சிய, அண்ணாச்சி?" என்றார் நீலச்சட்டை.