கன்னியம்மன் கதையின் கடைசிப் பெயர்கள்

வேம்புலியம்மாள் என்ற பெயருக்கு முன்னால் எத்தனை பெயர்கள் வர வேண்டும்? இந்தக் கேள்வியோடுதான் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன்.

தலைமை வகிக்கும் சங்கத் தலைவர் எத்திராஜ் அவர்களே, அம்மையாரின் மகள் நாகம்மாள் அவர்களே, கள்ளிக்குப்பம் இருளர் குடியிருப்பிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

இறந்தவரை ஒரேயடியாக உயர்த்திப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் கதைசொல்லி வேம்புலியம்மாளைக் குறைத்துப் பேச என்ன இருக்கிறது? மாசி மாதந்தோறும் ஏரிக்கரையில் கன்னியம்மன் கதை சொன்னார். முடித்ததும், அந்தக் குடியிருப்பில் வாழ்ந்து மறைந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார். ஒருவர் இறந்தால் அவர் பெயர் கடைசியில் சேரும். எழுதி வைத்துக்கொண்டா சொன்னார்? ஒரு பெயர் தவறியதில்லை!

1984இல் என் ஆராய்ச்சிக்காக அந்தக் கதையைப் பதிவு செய்தேன். பெயர்கள் தொடங்கியதும், கேசட் மிச்சமாகட்டும் என்று டேப்பை நிறுத்தினேன்.

"இன்னா டீச்சரம்மா, உன் மிஷினு தூங்கிட்ச்சா?"

"கதை முடிஞ்சிடுச்சேம்மா."

"சர்தான் போ! இப்பத்தான எங்க ஜனமே வருது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டேப்பை மட்டும் போடவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து, நாகம்மாளின் நர்ஸ் படிப்புக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டு அம்மையார் தாலுகா அலுவலகம் போனார். இருளர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார் அதிகாரி. அவர் மேஜை முன் நின்று அத்தனை பெயர்களையும் சொன்னார் அம்மையார். "எழுத்துல இருந்தா கொண்டாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். என் ஆராய்ச்சி அதற்குள் புத்தகமாகியிருந்தது; நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"உன் புக்குல எங்காளுங்க பேரு கீதில்ல?"

இல்லை! கன்னியம்மன் இருந்தாள். அடிக்குறிப்புகள் இருந்தன. அட்டையில் என் பெயர் இருந்தது. அவர்கள் இல்லை. மறுபடி பதிவு செய்ய வருகிறேன் என்றேன். விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது, பிறகு மாற்றல் வந்தது; நான் போகவில்லை. சான்றிதழும் வரவில்லை. நாகம்மாள் இன்று பட்டரவாக்கம் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை செய்கிறார். அம்மையார் என்னை ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பெரிய உறுதிமொழி எடுக்க எனக்குத் தகுதியில்லை. நாளைக் காலை டேப்போடு வருகிறேன். நினைவிருப்பவர்கள் சொல்லுங்கள். சொன்னது முழுவதையும் அச்சிடுவேன்.

இந்த உரை அச்சுக்குப் போகும்போது சேர்த்தது: மறுநாள் போனேன். நாகம்மாளும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். அம்மையார் அரை மணி நேரம் சொன்ன வரிசையில் பத்தொன்பது பெயர்கள் கிடைத்தன. இருபதாவதாக நாகம்மாள், "வேம்புலியம்மா" என்றார். பிறகு டேப்பைப் பார்த்தார்.

"நிறுத்திடாத டீச்சர். யாருக்கானா ஞாபகம் வரும்."

கேசட் தீரும்வரை உட்கார்ந்திருந்தோம்.