தாழ்ப்பாளுக்குப் பின்னால் ஒரு வாய்மொழித் தேர்வு

சரி, திறக்க வேண்டாம். திற திறன்னு இனிமே கேக்கவே மாட்டேன். ஆனா ஒண்ணு ரெமெக், காலையில பரீட்சை ரூமுக்குள்ள எனக்கு நடந்தத மட்டும் கேட்டீன்னு வையி, வயித்தப் புடிச்சுக்கிட்டு இந்த ஈரத் தரையிலயே உருளுவ. சத்தியமா. இப்ப சொல்ல மாட்டேன். நீ வெளிய வந்தாத்தான். கக்கூஸ் கதவு வழியா சொன்னா கதைக்கு ருசி போயிரும்.

என்னடா, உசுரோட இருக்கியா? ஒரு தடவ இருமு.

ம். இருமல்லகூட நடுக்கம் தெரியுது மாப்ள.

இங்க பாரு. இப்ப ஒக்தாவியா பரீட்சைக்கு உள்ள போயிருக்கா. அவ வெளிய வந்ததும் அடுத்த பேரு உன்னுதுதான். அவ போட்டிருக்கிற ஹீல்ஸ் சத்தம் இங்க வரைக்கும் கேக்கும். அதுவரைக்கும் நேரம் இருக்கு. ரொம்ப இல்ல, ஆனா இருக்கு. உனக்கு எதுக்குடா பயம்? எழுதச் சொன்னா நம்ம கிளாஸ்ல இங்கிலீஷுக்கு நீதான் ராஜா. பனிக்காலம் பூரா உங்க வீட்டு அடுப்படியில உக்கார வெச்சு எனக்கு சொல்லிக் குடுத்தது யாரு? நீதானே. உங்கம்மா வேற ரொட்டிக் கடையில... ஏங்க, நாலு பன்னா, ஆறா? விஷயம் தெரியுமா, எங்க ரெமெக் கப்பல் படிப்புக்கு கிதினியா துறைமுகத்துக்குப் போறான், தொப்பிகூட வாங்கி வெச்சுட்டேன், தலைக்கு கொஞ்சம் பெருசா இருக்கு, கேப்டன் ஆகுறதுக்குள்ள தலை வளந்துரும்...

சரி சரி. கதவ உதைக்காத. அம்மா குரல் வேண்டாம். விட்டுட்டேன்.

இரு. யாரோ வர்றாங்க. வாளிச் சத்தம். ஸெனோன் அண்ணன்தான், தொடைக்க வர்றாரு. அவரு வந்தா ஸ்க்ரூ டிரைவர எடுத்துக்கிட்டு உன் கதவக் கழட்டிருவாரு, அப்புறம் ஊரே கூடிரும். மூச்சு விடாத. ம்க்கும். ஸெனோன், நீயா? உள்ள வராதப்பா. நான்தான், தலைமையாசிரியர். ஆமா, இங்கதான் வர வேண்டியதாப் போச்சு, டீச்சருங்க கழிப்பறையில தண்ணி வரல. நேத்து சாப்பிட்ட சாஸேஜு ஒத்துக்கல. கொஞ்சம் நேரமாகும். மேல் மாடியத் தொடைச்சிட்டு வா. நன்றி. நன்றி.

போயிட்டாரு. உடம்பப் பாத்துக்கங்க சார்னு சொல்லிட்டுப் போறாரு பாவம்.

நீ சிரிச்ச. இல்ல, நான் கேட்டேன், மூக்கால சிரிச்ச. அதே மூச்சுல தாழ்ப்பாளயும் தள்ளிரேன்.

முடியாதா. சரி, ஏன்னாவது சொல்லு. காலையில பஸ்ஸுல நல்லாத்தானே இருந்த. ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன்னு உள்ள வந்த, அவ்வளவுதான், தாழ்ப்பாளப் போட்டுக்கிட்ட. உள்ள என்ன பேயா இருக்கு?

என்ன? கொஞ்சம் சத்தமா சொல்லு.

நீலமா?

அட நாசமாப் போக. பரீட்சைக்கு நூறு நாள் முன்னாடி வெச்ச டான்ஸுக்கு அதிர்ஷ்டத்துக்குன்னு சிவப்பு ஜட்டி போட்டல்ல, அத எங்க? கொடியிலயா? உங்கம்மா துவைச்சுப் போட்டுட்டாங்களா? டேய், அத பரீட்சை வரைக்கும் பத்திரமா வெச்சு இன்னைக்குத் திரும்பப் போட்டுக்கிட்டு வரணும்னு போலந்துல பொறந்த பச்சக் குழந்தைக்குக்கூடத் தெரியும். டான்ஸ் முடிஞ்சதுலேர்ந்து, அதிர்ஷ்டம் போயிரும்னு முடியகூட வெட்டாம ஆட்டுக்குட்டி மாதிரி திரிஞ்சியே, இதுல போய் கோட்ட விட்டியா.

இல்லடா, சிரிக்கல. சத்தியமா சிரிக்கல. புரியுது. அத இருட்டுல மாத்திப் போட்டுட்டு வந்துட்ட, இங்க வந்து குனிஞ்சு பாத்தா நீலம்.

ஆனா இதுக்காக உள்ளயே உக்காந்திருப்பியா? யோசிச்சுப் பாரு. உள்ள போயி கல்லு மாதிரி உக்காந்து ஒரு வார்த்த பேசாம எந்திரிச்சு வந்தாக்கூட ஃபெயில்தான் போடுவாங்க, ஆகஸ்ட்டுல மறுபடி எழுத விடுவாங்க. போகவே இல்லன்னா ஆகஸ்ட்டும் கிடையாது. அடுத்த வருஷம் மே மாசந்தான். கப்பலு, தொப்பி, கிதினியா, எல்லாம் ஒரு வருஷம் தள்ளி. உங்கம்மா கடையில வர்ற ஒவ்வொருத்தருக்கும் திரும்ப மொதல்லேர்ந்து சொல்லணும்.

எனக்கெப்படித் தெரியுமா? விசாரிச்சேன். சும்மாதான்.

இரு, ஒரு நிமிஷம். பக்கத்து கக்கூஸுக்குள்ள போறேன். இல்லடா, ஓடிப் போகல, இங்கதான் இருக்கேன், சுவத்துக்கு இந்தப் பக்கம். இந்த பெல்ட்டு எங்கப்பாவுது, கழட்டுறதுக்கே ஒரு பட்டம் வாங்கணும். ஒத்தக் கால்ல நிக்கிறேன், பேச வைக்காத. ம். வந்துருச்சு.

இந்தா. அடியில தள்ளுறேன், எடு. சிவப்புதான். டான்ஸுக்குப் போட்டதேதான். சூடு ஆறல, மன்னிச்சுக்க.

எனக்கா? எனக்கு எதுக்குடா இனிமே, என் பரீட்சைதான் முடிஞ்சு போச்சே. நான் காத்தோட்டமா இருந்துக்கிறேன், கோட்டு நீளமாத்தான் இருக்கு. போடு, போடு. பின்பக்கம் பாத்துப் போடு.

பாத்தியா, போட்டதும் குரலே மாறிருச்சு. இப்பத் திற.

இன்னுமா? இன்னும் என்னடா வேணும் உனக்கு?

ஓ. பரீட்சை வைக்க வெளியேர்ந்து வந்திருக்கிற அந்த அம்மாவா.

சரிதான். நம்ம இங்கிலீஷ் சோவா டீச்சர் மட்டும் இருந்தா நீ போயிருவ, எனக்குத் தெரியும். அவங்க மூணு வருஷமா நம்மளப் பேரச் சொல்லித் திட்டுற ஆளு... ஏ காயெதான், உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கி சாவிய ஆத்துல போடணும்டா... அவங்களுக்கு யாரு பயப்படுவா. ஆனா பக்கத்துல வேற ஸ்கூல்லேர்ந்து ஒருத்தர உக்கார வைக்கணும்னு சட்டம் போட்டு வெச்சிருக்காங்களே. உனக்கு அவங்கள நெனச்சாத்தான் பயம். எப்படி இருப்பாங்கன்னே தெரியாது. அதானே?

நான் காட்டுறேன். அவங்க குரல்லயே கேக்குறேன், இங்கிலீஷ்லயே. நீயும் இங்கிலீஷ்லயே சொல்லு, வெளாட்டுக்கு. நடுவுல கதவு இருக்கு, உன்ன யாரும் பாக்கல. கதவுக்கு உள்பக்கம் நான் ஒரு படம் போட்டு வெச்சிருக்கேன் பாரு, ஒம்பதாங் கிளாஸ் முடிஞ்சு வந்த புதுசுல போட்டது. அதான் உன் பரீட்சைப் படம். ம்க்கும்.

வணக்கம். தயவுசெய்து அமருங்கள். ஏற்கெனவே அமர்ந்துதான் இருக்கிறீர்களா, மிக நன்று. இந்தப் படத்தில் நீங்கள் காண்பதை விவரியுங்கள்.

ஆம். ஒரு குளியல் தொட்டி. அதனுள் ஒரு மனிதர். கண்ணாடி அணிந்திருக்கிறார், உங்கள் தலைமையாசிரியரைப் போல. சரி. அவர் முதுகை யார் தேய்க்கிறார்கள்? மீனா? எவ்வகை மீன்? கிறிஸ்துமஸுக்கு வாங்கி, வெட்டும் நாள்வரை தொட்டியில் நீந்த விடுகிற மீன். அருமை. தொடருங்கள்.

அந்த மனிதர் ஏன் கவலையுடன் இருக்கிறார்? ஓ. இரவு விருந்துக்கு யார் யாரை உண்ணப்போகிறார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை. மீன் இப்போதே உப்பு தூவத் தொடங்கிவிட்டது.

டேய், அது உப்பு இல்ல, சோப்பு. சரி, உப்புன்னே வெச்சுக்க. நீதான் ராஜா.

ம்க்கும். இறுதிக் கேள்வி. நீங்கள் மிகவும் அச்சம் கொண்ட ஒரு நாளைப் பற்றிக் கூறுங்கள்.

நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றா. ஏன் இன்று?

ஆம். கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாச் சொற்களும் உங்களுக்குள் இருக்கின்றன. ஆனால் உங்களை அறியாத ஒருவர் பார்க்கும்போது, அவை வெளியே வர வெட்கப்படுகின்றன. உங்கள் அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அந்தத் தொப்பியைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அஞ்சுகிறீர்கள். இப்போதும் அச்சம் உள்ளதா? உள்ளது. ஆனால் கொஞ்சம் சிறியதாக. ஏன் சிறியது? கழிப்பறையில் அமர்ந்து யாரும் நீண்ட நேரம் அஞ்ச முடியாது.

நன்றி. அவ்வளவுதான்.

டேய். ரெமெக். நீ இப்ப என்ன செஞ்சன்னு தெரியுதா? படம் சொன்ன. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன. தடுக்கல, தெணறல, நடுவுல ஜோக்கு வேற. பாதிப் பரீட்சைய அங்கயே உக்காந்து முடிச்சிட்ட.

கேக்குதா? டக் டக்னு. ஒக்தாவியாவோட ஹீல்ஸ்தான். வெளிய வந்துட்டா. மாப்ள, கையெடுத்துக் கும்புடுறேன், திற.

அப்பாடா. வா. வா, மொகத்தக் கழுவு. டைய நேராப் போடு, முடிய ஈரக்கையால அமுக்கு. இதுக்கு மேல அது அமுங்காது, விடு.

என்ன பாக்குற?

அந்த அம்மா குரலா? ஆமா, அச்சு அசல் இப்படித்தான் இருப்பாங்க. உள்ள போனதும் நீயே பாப்ப, நான்தான் பாவாடை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு நெனச்சுக்க, பயமே வராது.

ஒரே தடவதான் பாத்தேன். சோவா டீச்சர் குரலப் புடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, வாஸ்தவந்தான். இவங்களுது எப்படி இவ்ளோ சுத்தமா வந்துச்சுன்னா...

கால் மணி நேரமும் அவங்கதான்டா பேசுனாங்க.

அதான் அந்த சிரிப்புக் கதை. மொதல்லயே சொல்றேன்னு சொன்னேன்ல. லீவுல என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க, நானும் வாயத் தொறந்தேன். தலைமையாசிரியர் குரலு வந்து நிக்குது, ஸெனோன் அண்ணன் வந்து நிக்கிறாரு, உங்கம்மா வந்து நிக்கிறாங்க, என் குரல மட்டும் காணோம். தேடிப் பாத்தேன், இல்லவே இல்ல. சும்மா உக்காந்து அவங்களையே கேட்டுக்கிட்டு இருந்தேன். தயவுசெய்து, நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்னு எத்தன தடவ சொன்னாங்கன்னு நெனைக்கிற. சோவா டீச்சர் கண்ணே கலங்கிருச்சு. ரிசல்ட்டும் சொல்லிட்டாங்க, சைபர்.

நான் எப்படா பாஸுன்னு சொன்னேன்? முடிஞ்சு போச்சுன்னுதான் சொன்னேன்.

என்ன, சிரிப்பு வரலியா? உருளுவன்னு பாத்தேன்.

மொகத்த அப்படி வெச்சுக்காத, எனக்கு ஆகஸ்ட் இருக்கு. ஆனா ஆகஸ்ட்டுக்குள்ள எனக்கு யாராவது சொல்லிக் குடுக்கணும், அதுக்கு நீ உருப்படியா இருக்கணும், அதனாலதான் கதவுகிட்ட நின்னு இவ்ளோ நேரம் கத்துனேன். உனக்காகன்னு நெனச்சுக்காத. கூப்புடுறாங்க, கேக்குதா, உன் பேருதான். திரும்பு. அதிர்ஷ்டத்துக்கு முழங்காலால ஒரு உதை விடணும்ல. ம். போ.

ஏன்டா நின்னுட்ட? போ, கூப்புடுறாங்க.

எதுக்குக் குனிஞ்சு பேண்ட்டப் பாக்குற?

ஆமாடா. காலையில அந்த சிவப்பத்தான் போட்டுக்கிட்டுப் போனேன். நட.